பெரியவர் குனிய மாட்டார்

கண்ணாடிக்காரர் அன்று காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே எதிர்வரிசையில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை திறப்பதை வேடிக்கை பார்க்க அந்தத் தெருவில் அதுவரை யாரும் நின்றதில்லை. வியாபாரம் சூடு பிடிக்கப்போகிறது என்று அவர் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார். அந்த வருஷத்தில் அவர் பட்ட கடைசிச் சந்தோஷம் அதுதான்.

பேப்பரைக் கொண்டுவந்து காட்டியவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். முதல் பக்கத்தில் கண்ணாடிக்காரர் தன் கடை வாசலில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கன்னங்கரேலென்று ஒரு வரி: 'பார்வையைப் பறித்த பாவி!'

நடந்தது இவ்வளவுதான். பின்தெருவில் இன்னொரு கண்ணாடிக்கடை இருந்தது. அதை நடத்தியவன் கண்ணுக்கு நல்லது என்று ஏதோ ஒரு தண்ணீரைச் சொட்டு மருந்தாக விற்றான். அதை விட்டுக்கொண்ட ஆறேழு பேருக்குக் கண் போயிற்று. அவன் ராவோடு ராவாகக் கம்பி நீட்டிவிட்டான். படம் எடுக்க வந்த பத்திரிகைக்காரர் பின்தெருவுக்குப் போகத்தான் நினைத்தார். அங்கே சாக்கடை தோண்டிப் போட்டிருந்தது. அவர் அன்று புது ஷூ போட்டிருந்தார். முன்தெருவிலேயே ஒரு கண்ணாடிக்கடை இருந்தது. பலகை பளிச்சென்று இருந்தது. வெயிலும் வாட்டமாக விழுந்தது. "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "நாளைக்குப் பேப்பர்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல் தவறவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மச்சான். "தங்கச்சியையே உங்களுக்குக் கட்டிக்கொடுத்தவன் நான். ஆனா..." அந்தக் கறுப்பு வரியை விரலால் மெதுவாகத் தடவினார். "இவ்வளவு பெருசா போட்டிருக்கானே. ஒண்ணுமே இல்லாமலா போடுவான்?"

அந்த எழுத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது அந்தப் பத்திரிகைக்கு மட்டுமே சொந்தமான எழுத்து. நெடுக்குக் கோடெல்லாம் தூண் கனம்; படுக்கைக் கோடெல்லாம் அதற்கு நேர்மாறாக ஊசி மெலிவு; ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில், பூட்ஸ் போட்ட காலை அழுத்தி வைத்த மாதிரி ஒரு சின்னப் பாதம். பார்த்தால் எழுத்து மாதிரியே இருக்காது. மீசைக்காரர் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். பத்திரிகை ஆபீசில் அதை எழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்றுதான் சொல்வார்கள். "இன்னிக்குப் பெரியவர் எங்க உட்கார்றார்?" என்று கேட்டால், தலைப்புச் செய்தி எது என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்கு இந்த உள்விவகாரமெல்லாம் தெரியாது. பெரிய எழுத்தில் வந்தது பொய்யாக இருக்க முடியாது என்பது மட்டும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மத்தியானத்துக்குள் போலீஸ்காரர்களே வந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்லை, போங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது வாயால். பத்திரிகை சொன்னது பெரியவரால். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பல வருஷத்து வாடிக்கை, கடைக்கு வந்து மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது வேண்டாம்" என்றார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் கண்ணாடிக்காரருக்காகப் பேச வந்தாள். தையல்காரம்மா. பின்தெருக்காரன் விற்ற மருந்தால் இரண்டு கண்ணும் போனவள். கண்ணாடிக்காரரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்து நின்று, "அவன் குரல் எனக்குத் தெரியும், மூஞ்சியும் தெரியும். இவர் அந்த ஆள் இல்லை. எங்கே வேணாலும் வந்து சொல்றேன்" என்றாள். இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் உண்டா என்று கண்ணாடிக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்று பேருமாகப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். "செய்தி பொய்யா, உண்மையா?"

"பொய்ங்க."

"அப்ப மூணாவது மாடி, திருத்தப் பகுதி. உண்மையான செய்தின்னா நாலாவது மாடிக்குப் போகணும். அங்கதான் வக்கீல் இருக்கார்."

திருத்தப் பகுதியில் ஒரே ஒருவர் இருந்தார். ஆபீசில் அவரைப் பிழையார் என்று கூப்பிடுவார்கள். ஒடிசலான, இனிமையான மனிதர். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே ஒத்துக்கொண்டார்.

"தப்புத்தான். முழுத் தப்பு. அச்சாகி வெளியில வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. எவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன்."

கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சண்டை போடத் தயாராக வந்தவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் என்ன செய்வது? தையல்காரம்மாவை முன்னால் நிறுத்தி, "இவங்களும் சாட்சிங்க" என்றார்.

பிழையார் அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, நீங்க சொல்றது சத்தியம். ஆனா எழுத்துல எடுத்துக்க முடியாது. நேர்ல பார்த்த சாட்சிக்குத்தான் இங்க மதிப்பு. உங்களுக்குத்தான் பார்வை இல்லையே."

"மருந்து வாங்கும்போது இருந்துச்சுய்யா! அதை விட்டதுக்கு அப்புறம்தானே போச்சு?"

"அது அப்போ. நீங்க இப்போ வந்திருக்கீங்க" என்று சொல்லி, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மனுஷன் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

திருத்தம் நாளையே வரும் என்றார். கண்ணாடிக்காரர் எழுந்து கும்பிட்டார். போகிற போக்கில், "அதே எழுத்துலதானேங்க வரும்?" என்று கேட்டார்.

பிழையாரின் பேனா நின்றது.

"எந்த எழுத்துல?"

"பாவின்னு போட்டீங்களே, அந்தப் பெரிய எழுத்துல."

"பெரியவரையா கேட்கிறீங்க?" பிழையார் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார், என்கிட்ட சொன்னீங்க, பரவாயில்லை. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மறுநாள் திருத்தம் வந்தது. பதினோராம் பக்கத்தில், காணாமல் போன நாய்களுக்குக் கீழே. கண்ணாடிக்காரரின் கடைச் சுவரில், மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே வரவரச் சிறுக்கிற எழுத்து அட்டை ஒன்று தொங்கும். அதன் கடைசி வரியைப் படித்துவிடுகிறவர்களை, உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பிவிடுவார். திருத்தம் அதிலும் பாதி இருந்தது. இருக்கிற லென்சில் தடியானதை எடுத்து வைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"'முன்தினம் முதல் பக்கத்தில் வெளியான படத்தில் இருப்பவர், படத்தில் இருப்பவர் அல்ல. வாசகர்கள் திருத்தி வாசிக்கவும்.'"

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றாள் அவள்.

அர்த்தம் ஊருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிக்காரர் மாறுவேஷத்தில் திரிகிறார் என்று பால்காரர் சொன்னார். மச்சான் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனார். "உண்மையா இருந்தா இப்படிக் கூச்சப்பட்டு மூலையில போடுவானா மாப்பிள்ளை? நீங்க யாரையோ பிடிச்சு, கெஞ்சிக் கூத்தாடிப் போட வச்சிருக்கீங்கன்னு பார்த்தாலே தெரியுது."

சாயங்காலம் கடைப் பலகையில் யாரோ தாரை வாரி அடித்துவிட்டுப் போனார்கள்.

மறுபடியும் ஆபீசுக்குப் போனார். இந்தத் தடவை தனியாக. பிழையார் கையைப் பிசைந்துகொண்டு, எழுத்து ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். பெரியவர் எந்தப் பக்கத்தில், எந்தச் செய்திக்கு, எவ்வளவு உயரத்தில் எழுந்தருள வேண்டும் என்று முடிவு செய்வது அந்த ஆலோசகர்தான். அவர் அறை ஆசிரியர் அறையைவிடப் பெரியது. சுவர் முழுக்க ஆள் உயர எழுத்துகள் கறுப்பு கறுப்பாக நின்றன. நாற்காலி கிடையாது. அந்த எழுத்துகளுக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லையாம்.

கண்ணாடிக்காரரைக் கண்டதும் ஆலோசகர் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா! வாங்க வாங்க. இருபது வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒரு தலைப்பு அமைஞ்சதில்லை. பார்வையைப் பறித்த பாவி! ஒரே வரியில எத்தனை 'ப' பார்த்தீங்களா? பெரியவர்ல 'ப' மாதிரி அழகான எழுத்து கிடையாது. ரெண்டு பக்கமும் சுவர், கீழே தரை. ஜெயில் அறை மாதிரி நிக்கும்."

"அது நான் இல்லைங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியும், தெரியும். பிழையார் சொன்னார். அதனால எழுத்துக்கு ஒரு குறையும் வரலையே!"

வந்த விஷயத்தைக் கண்ணாடிக்காரர் சொன்னார். ஆலோசகர் கோபப்படவில்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார். அவரைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய் ஒரு ஆள் உயர எழுத்துக்குமுன் நிறுத்தினார்.

"காலைப் பாருங்க. எப்படி ஊன்றி நிக்குது? இந்தப் பாதம் எதுக்குத் தெரியுமா? நிமிர்ந்து நிக்கிறதுக்கு. போர், வெள்ளம், கைது, பதவியேற்பு, தலைவர் மறைவு. இந்த அஞ்சுக்கும் நிமிர்ந்து நிக்கணும். மன்னிப்புன்னா என்ன? குனியணும். இவர் குனிஞ்சா பாதம் பேர்ந்துடும். எழுத்தே ஒடிஞ்சு விழும்."

"போன வருஷம் 'மன்னிப்புக் கேள்!'னு இதே எழுத்துல போட்டீங்களேங்க? மந்திரி யாரோ ஏதோ பேசினதுக்கு?"

"அது அடுத்தவங்க கேட்க வேண்டிய மன்னிப்பு. கேள்னு அதட்டுறது பெரியவருக்குப் பொருந்தும். நாம கேட்கிற மன்னிப்புக்குன்னே தனியா ஒரு எழுத்து வெளியில சொல்லி வரைஞ்சு வாங்கி வச்சிருக்கோம். நேத்து உங்களுக்குப் போட்டோமே, அதுதான். பணிவுன்னு பேரு. எவ்வளவு பணிவுன்னா, கண்ணுக்கே தெரியாது."

 

"உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன்" என்றார் ஆலோசகர். "ஒரே செய்தியை ஒரு நாள் மெல்லிசு எழுத்துல போட்டுப் பார்த்தோம். படிச்சவங்க 'அப்படியா?'ன்னு கேட்டாங்க. மறுவாரம் அதையே பெரியவர்ல போட்டோம். 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னாங்க. செய்தி என்னன்னு கேட்கிறீங்களா? அது செய்தியே இல்லை. நான் சும்மா எழுதினது."

இவ்வளவு நல்ல மனிதர் ஒரு வழியும் காட்டாமல் அனுப்புவாரா? வாசல்வரை வந்தவரை நிறுத்தி யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். 'விடுதலை'ன்னு ஒரு சொல் இருக்கு. நல்ல கம்பீரமான சொல். அதைப் பெரியவர்ல போட்டா ஊரே உங்களை நம்பும்."

"போடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"விடுதலைன்னா முதல்ல கைதாகணுமே! நீங்க இன்னும் கைதே ஆகலை. அதுதான் உங்க கேஸ்ல இருக்கிற குறை. அதை நான் பார்த்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் ஏதோ உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். ஆனால் ஆலோசகர் வாக்குத் தவறாதவர். அடுத்த நாள் முதல் பக்கத்தில் பெரியவர் எழுந்து நின்றார்: 'பாவி எங்கே?' அதற்குக் கீழே, கண்ணாடிக்காரர் தன் கடையில் உட்கார்ந்து ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிற படம். அதற்குக் கீழே கடையின் விலாசம்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அன்றைக்கு 'நீங்க இல்லை, போங்க' என்று சொன்ன அதே இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சங்கடமாக நின்றார்.

"என் நிலைமையையும் யோசிங்க. எங்கேன்னு பெரிய எழுத்துல கேட்டிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னா கையாலாகாதவன்னு பேர் வரும். இங்கதான் இருக்கார்னு சொன்னா, தெரிஞ்சும் ஏன் பிடிக்கலைன்னு மேலிடத்துல கேட்பாங்க. உங்களைப் பிடிச்சுட்டா ரெண்டு கேள்விக்கும் பதில் ஆயிடும்."

"நான் ஒண்ணும் செய்யலையே சார்."

"அது எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியலை. காலையிலேருந்து சோறு போட மாட்டேங்கிறா."

கண்ணாடிக்காரரின் மனைவி மாற்றுத்துணியும் துண்டும் எடுத்துக் கொடுத்தாள். அவள் அழவில்லை. ஜீப் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், தாரடித்த பலகையை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்க உட்கார்ந்தாள். அன்று முழுக்கத் தேய்த்தாள். தாருக்கு முன்னால் பலகையில் இருந்த பெயிண்ட்தான் முதலில் போயிற்று.

நீதிபதி, காகிதங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். "இவர் மேல் குற்றச்சாட்டு என்ன?"

"பாவிங்க ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது எந்தச் சட்டத்தில் வருகிறது?"

"முதல் பக்கத்துல வருதுங்க."

நீதிபதியும் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான். கொஞ்ச நேரம் யோசித்தார். ஆனாலும் தாளில் ஒரு குற்றமும் இல்லாததால் வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார். கண்ணாடிக்காரர் முந்தின ராத்திரி லாக்கப்பில் கொசுக்கடிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாலும், மனசுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்தது. நாலு எழுத்து. வி, டு, த, லை. தூண் மாதிரி, பாதம் ஊன்றி. அதை அவர் மனக்கண்ணால் பல தடவை படித்துவிட்டார்.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் மனைவிதான் பேப்பரை வாங்கி வந்தாள். பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தாள். அவர் பிரித்தார்.

'தப்பினான்!'

தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் ஆலோசகருக்கு போன் போட்டார். ஆலோசகர் குரலில் உற்சாகம் பொங்கியது.

"பார்த்தீங்களா? அஞ்சு பத்தி அகலம்! யாருக்குக் கிடைக்கும்?"

"விடுதலைன்னு போடறேன்னு சொன்னீங்களே சார்!"

"போட்டுப் பார்த்தேனே! 'வி'க்குத் தலையில கொக்கி, 'டு'க்கு அடியில சுழி, 'லை'க்கு முன்னால ரெண்டு சுருள். ஒரே வார்த்தையில இவ்வளவு நெளிவு சுளிவு. அப்படியே ஆடுது சார். பெரியவர் ஆட மாட்டார். 'தப்பி'ன்னு போட்டேன் பாருங்க, கல்லு மாதிரி உட்கார்ந்தார்."

"தப்பினார்னாவது போட்டிருக்கக் கூடாதா? நான் வயசுல பெரியவன் இல்லையா?"

"அதுவும் ஆசைதான். கடைசியில 'ர்' வருதே. அது ஒல்லி எழுத்து, பெரியவர்ல நிக்காது. 'ன்' போட்டாத்தான் முடிவுல ஒரு கனம் கிடைக்குது. மரியாதைக் குறைவா நினைச்சுக்காதீங்க. எழுத்து விஷயம்."

அன்று மத்தியானம் கல் வந்து விழுந்து, கடையின் முகப்புக் கண்ணாடி முழுக்க உதிர்ந்தது. அதோடு ஷட்டரை இறக்கியவர் திறக்கவில்லை.

இதற்குப் பிறகும் பத்திரிகையிலிருந்து ஆள் வரும் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா? வந்தது. அச்சடித்த அழைப்பிதழோடு பிழையாரே வந்தார். பெரியவருக்கு நூற்றாண்டு விழாவாம். பெரிய மண்டபத்தில் கண்காட்சி. நூறு வருஷத்துத் தலைப்புகளில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எது என்று சொல்ல வேண்டியதில்லை. திரையை விலக்கக் கண்ணாடிக்காரரே வர வேண்டும் என்று ஆசிரியர் விரும்புகிறாராம்.

"போங்க" என்றாள் மனைவி. "நாலு பேர் முன்னாடி நின்னு, நான் இல்லைன்னு ஒரு தடவை சத்தமாச் சொல்லிட்டு வாங்க." தையல்காரம்மாவும் வருவதாகச் சொன்னாள். ஆனால் நடப்பது கண்காட்சி என்பதால் அவளுக்கு அழைப்பு இல்லை.

மண்டபத்தில் மேடையை அடைத்துக்கொண்டு, வீட்டுக் கூரை உயரத்துக்கு, 'பார்வையைப் பறித்த பாவி!' நின்றது. கண்ணாடிக்காரர் கயிற்றை இழுத்ததும் திரை விலகிச் சபை எழுந்து நின்றது. ஆசிரியர் பேசினார்.

"நண்பர்களே! உண்மை என்பது நாளுக்கு நாள் மாறுவது. நேற்று உண்மையாக இருந்தது இன்று இருப்பதில்லை. எங்கள் எழுத்தோ நூறு ஆண்டுகளாக ஒரு கோடுகூட மாறவில்லை. பொறுப்புள்ள ஒரு பத்திரிகை எதன் பக்கம் நிற்க வேண்டும்? மாறுவதன் பக்கமா, மாறாததன் பக்கமா? இந்தத் தலைப்பில் ஒரு சிறு தகவல் பிழை இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மறைக்கவில்லை. நிலவிலே களங்கம் இல்லையா? அதற்காக நிலவைத் திருத்தி வெளியிடுகிறோமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு மைக்கைக் கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தார்கள். 

"அது நான் இல்லைங்க" என்றார். "நான் யாருக்கும் எந்த மருந்தும் விற்கலை. அன்னைக்குச் சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். அவ்வளவுதான்."

சபை மறுபடியும் எழுந்து நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஆசிரியர் மைக்கை வாங்கி, தழுதழுத்த குரலில், "என்ன ஒரு அடக்கம்!" என்றார்.

விழா முடிந்ததும் தலைப்புக்குக் கீழே அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஒரு தாய் தன் பிள்ளையிடம், "கிட்டப் போகாதே, தள்ளியே நில்லு" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். மச்சானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதை அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்வி. நம்ம குடும்பத்தில் இவ்வளவு பெரிய எழுத்தில் வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடம் கேட்பாராம்.

அதற்குமேல் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. புருஷனும் பெண்சாதியும் சாமான்களைக் கட்டிக்கொண்டு தொலைவில் இன்னொரு ஊருக்குப் போனார்கள். கண்ணாடிக்காரருக்கு லென்ஸ் தேய்க்கிற பட்டறை ஒன்றில் கூலி வேலை கிடைத்தது. சொந்தக் கடை என்கிற கவலை இல்லை, பலகை என்கிற கவலையும் இல்லை. வாடிக்கைக்காரர் யாரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். வந்த அன்று பீரோவை மாடிப்படியில் ஏற்ற முடியாமல் திணறியபோது, கீழ்வீட்டு வேன்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு குடம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அண்ணே, அண்ணி என்று உறவு வைத்தாயிற்று.

அந்தப் பத்திரிகை இந்த ஊருக்கும் வரும். முதலில் கொஞ்ச காலம் கண்ணாடிக்காரர் அதைத் தொடவில்லை. பிறகு டீக்கடையில் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு வீட்டுக்கே போடச் சொல்லிவிட்டார். வேறு பத்திரிகையில் படித்தால் படித்த மாதிரியே இல்லை என்றார். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீயைக் குடித்துக்கொண்டே பேப்பரை விரித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பிள்ளைகளைத் தவிக்கவிட்ட பாதகன்!' யாரோ ஒரு ஓட்டுநர் குடித்துவிட்டு, வேனைப் பிள்ளைகளோடு நடுவழியில் வெயிலில் பூட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டானாம். பக்கத்தில் கீழ்வீட்டு வேன்காரர், வேனில் சாய்ந்துகொண்டு சிரிக்கிற படம்.

"ஏய், இங்க வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். "நம்ம கீழ்வீட்டு ஆளுதான்! எவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு எப்படிச் சிரிக்கிறான் பாரு. எனக்கு முதல் நாளே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மூஞ்சிக்கு நேரா பார்த்துப் பேசவே மாட்டான்."

அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"பீரோவைத் தோள்ல வச்சிட்டுப் படி ஏறினவர் எப்படிங்க மூஞ்சிக்கு நேரா பார்த்துப் பேசுவார்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் விசாரிக்காம போட மாட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, வயசுக்கு மீறிய வேகத்தில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாளின் மேல் வைத்த கையை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியிலிருந்து மெதுவாக இரண்டு தட்டு. பிறகு ஒன்று.

மனைவி வந்தாள். அவர் விரல்களைத் தாழ்ப்பாளிலிருந்து பிரித்து எடுக்க அவளுக்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. கதவைத் திறந்தாள்.

வேன்காரர் நின்றிருந்தார். முகம் வெளுத்து, சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது.

"அண்ணி, அது நான் இல்லை. அது வேற வேன், வேற ஆளு. முன்னாடி எப்பவோ எடுத்த படத்தைப் போட்டுட்டாங்க. கீழே ஒரு வீட்டுலயும் கதவு திறக்கலை. நீங்களும் சாத்திடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் படி ஏறினேன்."

"இவர் சாத்தத்தான் சாத்தினார்" என்றாள் அவள். "நீங்க உள்ள வாங்க."